1/48 ஃபேன்டம் மாடலை நிஜ விமானம் போலக் கட்டுவது எப்படி?

கேள்வி இதுதான்: நாலைந்து எளிய கிட்டுகளை (பாகங்களாக வாங்கி ஒட்டும் பிளாஸ்டிக் மாடல்கள்) கட்டிப் பழகிய ஒருவர், அடுத்ததாக 1/48 அளவில் (நிஜத்தில் 48-இல் ஒரு பங்கு) அமெரிக்கக் கடற்படையின் எஃப்-4ஜே ஃபேன்டம் போர் விமானக் கிட்டைக் கையில் எடுத்திருக்கிறார். "போட்டிகளில் வைக்கும் மாடல்களைப் போல நுணுக்கமாக வர வேண்டும். ரெசின் பாகங்கள், போட்டோ எட்ச் எல்லாம் வாங்கித்தான் ஆக வேண்டுமா? எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்கிறார்.

ரெசின் பாகங்கள் என்பவை நுணுக்கமாக வார்த்த பிசின் பாகங்கள், போட்டோ எட்ச் என்பது மெல்லிய உலோகத் தகடுகள்; இரண்டும் தனியாக வாங்குபவை. வாங்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. கிட் பெட்டிக்குள் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டே, பார்ப்பவர் குனிந்து நெருங்கிப் பார்க்கும்படியான ஃபேன்டம் ஒன்றைக் கட்ட முடியும். ஆனால் ஒரு முடிவை ஸ்ப்ரூ எனும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து முதல் பாகத்தை வெட்டுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். நீங்கள் கட்டப்போவது "ஒரு ஃபேன்டம்" அல்ல. எந்த எண் கொண்ட விமானம், எந்த ஆண்டில், முடிந்தால் எந்த நாளில் இருந்தபடி என்பதைத் தீர்மானியுங்கள். மற்ற சந்தேகங்களில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

ஃபேன்டம் விஷயத்தில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், மொத்தம் 5,000-க்கும் மேல் கட்டப்பட்ட விமானம் அது. வகைக்கு வகை உடம்பே மாறும். எஃப்-4பி-யின் மூக்குக்குக் கீழே அகச்சிவப்புக் கருவிக்கான ஒரு சிறு புடைப்பு தொங்கும். ஜே-வில் அது கிடையாது. பி-யின் இறக்கை மெல்லியது. ஜே-வில் பெரிய சக்கரங்களை அடக்குவதற்காக இறக்கையின் மேலும் கீழும் வீக்கம் இருக்கும். ஜே-வின் எஞ்சின் வாய்கள் (பின்னால் புகை வெளியேறும் முனைகள்) பி-யினுடையதை விட நீளம். வால் கிடைத்தளத்தின் முன் விளிம்பில் பிளவு கொண்ட அமைப்பும் ஜே-வின் அடையாளம். விமானப்படையின் எஃப்-4இ என்றால் மூக்கே நீண்டு, அடியில் 20 மில்லிமீட்டர் பீரங்கி வந்துவிடும். பல கிட்டுகளில் வேறு வகைகளுக்கான பாகங்களும் ஒரே பெட்டியில் கலந்திருக்கும். எதை ஒட்டுவது, எதை ஒதுக்குவது என்பதைச் சொல்ல வேண்டியது நீங்கள் தேர்ந்தெடுத்த விமானத்தின் புகைப்படம்தான். செய்முறைத் தாளை அடுத்த இடத்தில் வையுங்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். எஃப்-4ஜே என்றாலே பலரும் தேர்ந்தெடுப்பது விஎஃப்-96 படைப்பிரிவின் "ஷோடைம் 100". வியட்நாம் போரின்போது, 1972 மே 10 அன்று விமானி கன்னிங்ஹாம், பின்னிருக்கை ரேடார் அதிகாரி டிரிஸ்கல் இருவரும் அந்த விமானத்தில் பறந்து மூன்று மிக்-17 விமானங்களை வீழ்த்தினார்கள். அதற்கு முன் வேறொரு விமானத்தில் இரண்டு. ஆக மொத்தம் ஐந்து. அன்றைக்கே, திரும்பும் வழியில், தரையிலிருந்து வந்த ஏவுகணை தாக்கி விமானம் விழுந்தது. இருவரும் குதித்துக் கடலில் இறங்கி மீட்கப்பட்டார்கள். அதனால் ஐந்து வெற்றிச் சின்னங்களோடு (வீழ்த்திய ஒவ்வொரு விமானத்துக்கும் வரையும் குறி) அந்த விமானம் ஒரு நிமிடம்கூட எங்கும் நின்றதில்லை. சின்னம் வரைய அது கப்பலுக்குத் திரும்பவே இல்லையே! "ஷோடைம் 100" மாடலில் ஐந்து சின்னங்களை ஒட்டுபவர் எவ்வளவு சுத்தமாக ஒட்டினாலும், அவர் கட்டியது நடக்காத ஒன்று. இந்த மாதிரி விஷயம் பெட்டியின் மேல்மூடிப் படத்தைப் பார்த்தால் தெரியாது. ஒரு மாலை உட்கார்ந்து படங்களையும் வரலாற்றையும் தேடினால் தெரியும். என்னைக் கேட்டால், இந்தப் பொழுதுபோக்கின் பாதி இன்பமே அங்கேதான் இருக்கிறது.

புகைப்படங்கள் சேர்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானம் பாகங்களின் வடிவத்துக்கு நல்ல ஆதாரம். நிறத்துக்கும் அழுக்குக்கும் அது ஆதாரம் ஆகாது. பல முறை மறுபூச்சு கண்டிருக்கும், உட்பாகங்கள் சில காணாமலும் போயிருக்கும். நிறத்துக்கு அந்தக் காலத்துப் படங்களையே நம்புங்கள்.

அடுத்து அளவு பற்றிக் கொஞ்சம் கணக்கு. நிஜ ஃபேன்டத்தின் இறக்கை அகலம் சுமார் 11.7 மீட்டர், 1/48-இல் அது 24.4 சென்டிமீட்டர். நீங்கள் மாடலை 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால், நிஜ விமானத்தை 14 மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். அந்தத் தூரத்தில் ஆணித்தலைகள் கண்ணில் படாது; தகடுகள் சேரும் கோடுகள் மெல்லிய நிழலாகத் தெரியும், அவ்வளவுதான். கிட்டில் பொறிக்கப்பட்ட கோடு 0.2 மில்லிமீட்டர் அகலம் என்றால், நிஜத்தில் அது கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் இடைவெளி! எந்தப் போர் விமானத்திலும் தகடுகளுக்கு நடுவே அப்படி ஓர் இடைவெளி இருக்காது. ஆகவே அந்தக் கோடுகளில் கன்னங்கரேல் என்று வாஷை (கோடுகளுக்குள் ஓடவிடும் நீர்த்த வண்ணம்) நிரப்பினால் கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம்தான் நினைவுக்கு வரும். "நுணுக்கம்" என்று பலர் நினைப்பது இந்தக் கூடுதல் அழுத்தத்தைத்தான். தூரத்தை மனதில் வைத்து அடக்கி வாசித்தால் மாடல் பெரிதாகத் தெரியும்.

சரி, கட்டுமானத்துக்கு வருவோம். காக்பிட்டில் இருந்துதான் எல்லாரும் தொடங்குவார்கள், நீங்களும் அப்படியே செய்யலாம். அந்தக் கால அமெரிக்க ஃபேன்டத்தின் காக்பிட் உட்சுவர்கள் அடர் சாம்பல், எஃப்எஸ் 36231 (எஃப்எஸ் என்பது அமெரிக்க அரசின் நிறத் தர எண்). கருவிப் பலகைகள் கருப்பு. கருப்பு என்றால் சுத்தக் கருப்பு வேண்டாம், கொஞ்சம் சாம்பல் கலந்துகொள்ளுங்கள். சுவிட்சுகளின் மேல் வெளிர் சாம்பலில் ட்ரை பிரஷ் செய்தால் (வண்ணத்தைத் துடைத்த தூரிகையால் மேடுகளில் மட்டும் படும்படி தடவினால்) போதும். கருவி முகப்புகளுக்கு டெக்காலும் (நீரில் ஊறவைத்து ஒட்டும் அச்சுப் படம்) ஒரு சொட்டு பளபளப்பு வார்னிஷும். கூடுதல் பாகங்கள் வாங்கவே வேண்டும் என்று கை அரித்தால், முதல் இடம் இருக்கைகளுக்கு. ஃபேன்டத்தில் இரண்டு மார்ட்டின்-பேக்கர் நிறுவன இருக்கைகள், கேனோபியை (காக்பிட்டின் கண்ணாடி மூடி) திறந்து வைத்தால் பார்வை நேராக அங்கேதான் விழும். வார்களோடு வார்க்கப்பட்ட ரெசின் இருக்கைகள் இரண்டும் அந்த இடத்தையே மாற்றிவிடும். இரண்டாம் இடம் எஞ்சின் வாய்கள். அதற்குப் பிறகு வருகிற எதுவும் இந்த மாடலுக்கு அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை. போட்டோ எட்ச் கருவிப் பலகைகள் தட்டையாக இருக்கும். நன்கு வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் பலகையில் கவனமாகப் பூசிய வண்ணம் அதை விட ஆழமாகத் தெரியும்.

ரெசினைத் தேய்ப்பதாக இருந்தால் தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. ரெசினும் உலோகமும் பிளாஸ்டிக் சிமெண்டில் ஒட்டாது, சூப்பர் க்ளூ வேண்டும்.

இப்போது உண்மையான வேலை. ஜெட் மாடல் ஒன்றைப் பார்த்தவுடன் "இது பிளாஸ்டிக்" என்று காட்டிக்கொடுக்கும் இடங்கள் இன்டேக், இணைப்புக்கோடு, கோணம் ஆகிய மூன்றும்தான். முக்கால்வாசி நேரத்தை இங்கே செலவிடுங்கள்.

இன்டேக் என்பது காக்பிட்டின் இரு பக்கமும் உள்ள காற்று உள்வாய். நிஜத்தில் அது வழுவழுப்பான நீண்ட குழாய், உள்ளே கடைசியில் எஞ்சினின் முகப்புத் தகடுகள் தெரியும். கிட்டில் இதை இரண்டு பாதிகளாகக் கொடுத்திருப்பார்கள். ஒட்டினால் நடுவில் நீளமாக ஒரு கோடு நிற்கும். உள்ளே விரல் நுழையாது. மெல்லிய குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி, முதலில் 400, அப்புறம் 600, 1000 என்று தேய்க்க வேண்டும். கோடு மறைந்த பிறகு, சற்று நீர்த்த வெள்ளை வண்ணத்தைக் குழாய்க்குள் ஊற்றி, எல்லாப் பக்கமும் படும்படி சுழற்றி, மிச்சத்தை வடிய விடுங்கள். காய்ந்ததும் இன்னொரு முறை. வண்ணம் தானாகவே பரவி, தூரிகைத் தடமே இல்லாத பரப்பு கிடைக்கும். முழுதாகக் காய ஒரு வாரம் விட்டாலும் தப்பில்லை. பொறுமை இல்லையா? நேர்மையான குறுக்குவழி ஒன்று உண்டு: தரையில் நிற்கும் விமானங்களின் இன்டேக்குகளைச் சிவப்பு மூடிகளால் அடைத்து வைப்பார்கள். அந்த மூடிகளைச் செய்து மாட்டிவிட்டால் உள்ளே எப்படி இருக்கிறது என்ற கேள்வியே எழாது. ஆனால் அப்போது கேனோபி திறந்து விமானிகள் உட்கார்ந்திருப்பது போல வைக்க முடியாது. காட்சி ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

இணைப்புக்கோடுகளுக்கு, மெல்லிய திரவ சிமெண்டையே நான் பரிந்துரைப்பேன். அது பிளாஸ்டிக்கையே உருக்கி இரண்டு விளிம்புகளையும் ஒன்றாக்குகிறது. இரு பாதிகளையும் சற்று இடைவெளியோடு பிடித்து, சிமெண்ட் ஓட விட்டு, சில வினாடி கழித்து அழுத்தினால் உருகிய பிளாஸ்டிக் மெல்லிய கோடாகப் பிதுங்கி வெளியே வரும். அதைத் துடைக்காதீர்கள், அதுவே நிரப்பு. இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டுவிட்டுத் தேயுங்கள். அவசரப்பட்டு மறுநாளே தேய்த்தால், உள்ளே மிச்சமிருக்கும் கரைப்பான் மெல்ல ஆவியாகி, வண்ணம் பூசி முடித்த பிறகு அந்த இடம் பள்ளமாக இறங்கி, கோடு மறுபடி தலைகாட்டும். பெரிய இடைவெளிக்கு சூப்பர் க்ளூ நல்ல நிரப்பு. அதில் விதி தலைகீழ்: சில மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். நாள் கடந்தால் அது பிளாஸ்டிக்கை விடக் கெட்டியாகிவிடும். தேய்க்கும்போது பக்கத்துப் பிளாஸ்டிக்தான் குழியும். தேய்ப்பில் அழிந்த பேனல் கோடுகளை (தகடுகள் சேரும் கோடுகள்), கெட்டியான டேப் ஒன்றை அளவுகோல் போல ஒட்டி, ஸ்க்ரைபர் எனும் கீறும் ஊசியால் மெல்ல மெல்லப் பலமுறை இழுத்து மீட்டுவிடலாம். ஒரே இழுப்பில் ஆழமாகப் போக நினைத்தால் ஊசி வழிமாறும்.

எல்லாம் முடிந்தது என்று தோன்றும்போது சாம்பல் நிற பிரைமர் (அடிப்பூச்சு) ஒரு கோட் அடியுங்கள். கண் பார்க்காததை பிரைமர் காட்டிக்கொடுக்கும். மறுபடி நிரப்பி, மறுபடி தேய்த்து, மறுபடி பிரைமர். இதில் சலிப்பே வேண்டாம். இந்தச் சுற்றை எத்தனை முறை பொறுமையாகச் செய்கிறோம் என்பதுதான் மாடலின் தரத்தை முடிவு செய்கிறது.

பிறகு கோணம். ஃபேன்டத்தின் முகமே அதன் கோணங்கள்தான். இறக்கையின் வெளிப்பகுதி 12 பாகை மேல்நோக்கி வளைந்திருக்கும். வாலின் கிடைத்தளங்கள் 23 பாகை கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். இடமும் வலமும் ஒரு பாகை வேறுபட்டால்கூட நேர் முன்னாலிருந்து பார்க்கும்போது விமானம் நொண்டுவது போலிருக்கும். அட்டையில் இந்தக் கோணங்களை வெட்டி, சிமெண்ட் காயும் வரை அந்த அட்டையின் மேல் மாடலை வைத்திருங்கள். இறக்கைக்கும் உடலுக்கும் நடுவே இடைவெளி விழுகிறதா? நிரப்பியை எடுக்காதீர்கள். உடலின் உட்புறம் இரு சுவர்களுக்கும் நடுவே ஒரு ஸ்ப்ரூத் துண்டை அளவாக வெட்டி முட்டுக்கொடுத்தால், உடல் சற்று விரிந்து இறக்கையோடு போய் ஒட்டிக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்கத்தான் ஒட்டுவதற்கு முன் டேப் போட்டுப் பொருத்திப் பார்ப்பது.

வண்ணத்தில் நீங்கள் எடுத்திருப்பது 1970-கள் வரை வழக்கில் இருந்த கடற்படைப் பூச்சு: மேலே வெளிர் சாம்பல் எஃப்எஸ் 16440, கீழே வெள்ளை எஃப்எஸ் 17875. மேல்பக்கத்திலும் ஃபிளாப், எய்லரான், ரடர் போன்ற அசையும் பகுதிகள் வெள்ளை. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சக்கர அறைகளும் கால்களும் வெள்ளை, சக்கரக் கதவுகளின் விளிம்பு மட்டும் சிவப்பு. அந்தச் சிவப்புக் கோடு மிகச் சிறியது, ஆனால் மாடலுக்கு உயிர் கொடுப்பது. முதலில் வெள்ளை பூசுங்கள், அதுவும் வெளிர் பிரைமரின் மேல், மெல்லிய பல கோட்டுகளாக. ஒரே கோட்டில் மூட முயன்றால் மூலைகளில் திரளும். சாம்பல் அப்புறம். இரண்டும் சந்திக்கும் கோடு கத்தியால் வெட்டியது போல வேண்டாம்; டேப்பின் விளிம்பைச் சற்றே தூக்கி விட்டோ ஒட்டும் களிமண்ணைக் கயிறாகத் திரித்து வைத்தோ அடித்தால் மென்மையான எல்லை கிடைக்கும்.

ஏர்பிரஷ் (வண்ணத்தைக் காற்றால் தெளிக்கும் கருவி) பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம். இங்கே தேவையானது குறைவு. 0.3 மில்லிமீட்டர் ஊசி, 15 பிஎஸ்ஐ அருகே அழுத்தம், நன்றாக நீர்த்த வண்ணம். லாக்கர் வகை வண்ணங்கள் மெல்லியதாக, உறுதியாக உட்காரும் என்பதால் எனக்கு அவைதான் பிடிக்கும். ஆனால் ஆவி வடிகட்டும் முகக்கவசமும் வெளியே காற்றைத் தள்ளும் விசிறியும் இல்லாமல் அவற்றைத் தொடவே கூடாது. தூசி தடுக்கும் சாதாரண முகக்கவசம் இதற்குப் பயன்படாது.

ஃபேன்டத்தின் வால் அடிப்பகுதிக்கு ஒரு தனி வாரம் ஒதுக்குங்கள். எஞ்சின் வாய்க்குப் பின்னால் வண்ணம் பூசாத வெற்றுத் தகடுகள், எஞ்சின் வெப்பத்தில் வெந்து வெந்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறமாக இருக்கும். ஒரே வெள்ளி நிறத்தை அடித்து முடித்துவிட்டால், அத்தனை உழைப்பும் அங்கே தோற்றுப்போகும். உலோக வண்ணங்களுக்குக் கீழே பளபளப்பான கருப்பு பூசுவது வழக்கம். மின்னும் அலுமினியத்துக்கு அது சரி. இங்கே உலோகம் மங்கலானது. அடர் சாம்பல் அடிப்பூச்சே போதும். முதலில் எல்லாவற்றுக்கும் ஸ்டீல், அப்புறம் தகடு தகடாக மாஸ்க் (மற்ற இடத்தை மறைக்கும் டேப்) போட்டு டைட்டானியம், எரிந்த இரும்பு, அடர் இரும்பு என்று மாற்றிக்கொண்டே போங்கள். கடைசியில் மிகமிக நீர்த்த நீலமும் பழுப்பும், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு. இறக்கையின் முன் விளிம்பிலும் இன்டேக் உதட்டிலும் தெரியும் வெள்ளி நிறம் வேறு விஷயம். அது வெற்று உலோகம் அல்ல, அலுமினியம் கலந்த பாதுகாப்புப் பூச்சு. பளபளக்காது; வெள்ளியில் சாம்பல் கலந்து அடியுங்கள்.

டெக்காலுக்கு முன் பளபளப்பு வார்னிஷ் அவசியம். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி, வெளிச்சத்தில் வெள்ளி போல மின்னும். அதை அப்புறம் சரிசெய்வது கடினம். எழுத்தைச் சுற்றியுள்ள தெளிவான படலத்தை முடிந்த வரை வெட்டி எடுங்கள். டெக்காலை மென்மையாக்கும் திரவத்தைத் தடவிய பிறகு அது சுருங்கிக் கோரமாகத் தெரியும்; பதறித் தொட்டுவிடாதீர்கள். தானாகவே தட்டையாகி, பேனல் கோட்டுக்குள் இறங்கிவிடும். ஃபேன்டத்தில் எச்சரிக்கை எழுத்துகள் ஏராளம், நூற்றுக்கணக்கில் வரும். ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். அவற்றைத் தவிர்த்துவிடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். 14 மீட்டர் தூரத்திலிருந்தும் படிக்க முடியாவிட்டாலும் புள்ளிகளாகத் தெரிவது அவைதான். ஆணித்தலைகளை விட அவைதான் அளவின் உணர்வைத் தருகின்றன.

வாஷுக்குக் கருப்பு வேண்டாம். வெள்ளைப் பகுதிக்கு நடுத்தர சாம்பல், சாம்பல் பகுதிக்கு அதைவிடச் சற்று அடர்ந்த சாம்பல், சக்கர அறைகளுக்குப் பழுப்பு கலந்தது. எண்ணெய் வண்ணத்தை வைட் ஸ்பிரிட் எனும் கரைப்பானில் கரைத்துத் தொட்டு விட்டு, அரைமணி கழித்து, காற்று ஓடும் திசையில், அதாவது மூக்கிலிருந்து வாலை நோக்கித் துடைத்தெடுங்கள். அடிவயிற்றில் ஹைட்ராலிக் எண்ணெய் ஒழுகிய கறைகள் நிஜ ஃபேன்டங்களில் தாராளமாக இருந்தன, அங்கே கொஞ்சம் துணியலாம். கடல் உப்பு அரிக்கும் என்பதால் கப்பல் விமானங்களில் அரிப்பு கண்ட இடங்களைச் சுரண்டித் திட்டுத்திட்டாக மறுபூச்சு செய்வார்கள். மூலச் சாம்பலோடு சில துளி வெள்ளை சேர்த்து அங்கங்கே சிறு திட்டுகள் போட்டால் அது கிடைத்துவிடும். உங்கள் புகைப்படத்தில் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும். படத்தில் விமானம் சுத்தமாக இருந்தால் மாடலும் சுத்தமாகவே இருக்கட்டும்.

முடிவுப் பூச்சு முழு மங்கலும் வேண்டாம், முழு பளபளப்பும் வேண்டாம். நிஜத்தில் அந்தப் பூச்சு பளபளப்பானதுதான், ஆனால் இந்த அளவில் கண்ணாடி போல மின்னினால் பொம்மையாகத் தெரியும். அரைப் பளபளப்பு சரியாக இருக்கும்.

கேனோபி, பிட்டோ குழாய், ஆண்டெனாக்கள், ஏவுகணைகள் எல்லாம் கடைசியில். கேனோபியை சூப்பர் க்ளூவால் ஒட்டாதீர்கள். அதன் ஆவி கண்ணாடியை வெளுக்கச் செய்யும். வெள்ளைப் பசை போதும், காய்ந்தால் தெரியாது. டயர்களின் அடியைச் சற்றே தட்டையாகத் தேய்த்து ஒட்டினால் விமானத்தின் எடை தரையில் இறங்கியது போலிருக்கும். தேய்த்த முகங்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் தரையைத் தொடுகிறதா என்பதைக் கண்ணாடித் தட்டின் மேல் வைத்துப் பாருங்கள். கேனோபியின் மாஸ்க்கை உரித்ததும் சட்டத்தின் விளிம்பில் பிசிறு தெரிந்தால், கூராக்கிய பல்குச்சியால் மெல்லச் சுரண்டுங்கள். கத்தி பட்டால் கீறல் விழும்.

எந்தப் படைப்பிரிவின் விமானம் என்று முடிவு செய்ததும் சொல்லுங்கள். அந்தக் குறியீடுகளில் எதைக் கவனிக்க வேண்டும் என்று தனியாக எழுதுகிறேன்.